ஒன்று குறைந்தாலும் கணக்கு சரி

யூதர்களின் மறையான தோரா, மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களின் தொகுப்பாகும். ஆதியாகமத்தில் தொடங்கி உபாகமத்தில் முடியும் அது 54 பகுதிகளாக வகுக்கப்பட்டு, சனிக்கிழமைதோறும் தொழுகைக் கூடத்தில் வாசிக்கப்பட்டு, ஓராண்டில் நிறைவு பெறுகிறது. ஒரு வாரத்துக்குரிய பகுதியை எபிரேய மொழியில் ‘பராஷா’ என்பர்; அது வாசிக்கப்படும் ஓய்வுநாளை ‘ஷபாத்’ என்பர். கடைசிப் பகுதி ‘சிம்ஹாத் தோரா’ என்னும் விழாவன்று முடிந்த கையோடு முதல் அதிகாரம் மறுபடியும் தொடங்கிவிடுவதால், இந்த வாசிப்புக்கு முற்றுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. 50 ஆண்டுகளாகத் தவறாமல் கூடத்துக்கு வரும் ஒருவர் நோவாவின் பேழை மிதந்த கதையை 50 முறை கேட்டிருப்பார். 51ஆம் முறை அது மூழ்கிவிடுமோ என்ற பதற்றம் அவருக்கு உண்டாகும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முடிவு தெரிந்த கதையைக் கேட்பவருக்குத் தூக்கம் வருவது இயல்பு என்பதையும், அந்தத் தூக்கம் நேற்று முளைத்த நோய் அன்று என்பதையும் பழைய நூல்களே ஒப்புக்கொள்கின்றன. மறை வசனங்களுக்குக் கதையும் விளக்கமும் சேர்த்துச் சொல்லும் உரைவகைக்கு ‘மித்ராஷ்’ என்று பெயர். அவ்வகையைச் சேர்ந்த ஆதியாகம ரப்பா என்னும் நூல், தம் காலத்தின் தலைசிறந்த ஆசானாகிய ரபி அகிவா பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டம் கண்ணயர்ந்துவிட்ட செய்தியைக் கூச்சமின்றிப் பதிவு செய்திருக்கிறது. அவர் அதற்குக் கையாண்ட மருந்து ஓர் எண் புதிர். எஸ்தர் அரசி எந்தத் தகுதியால் 127 நாடுகளை ஆண்டாள் என்று கேட்ட அவர், 127 ஆண்டுகள் வாழ்ந்த சாராளின் வழியில் வந்தவள் என்பதால் ஆண்டாள் என்று தாமே விடையும் சொன்னார். அந்த விடையின் தருக்கம் எவ்வளவு எடை தாங்கும் என்பது தனி ஆராய்ச்சி. ஆயினும் 127 என்ற எண் இரண்டு இடங்களிலும் உண்மையிலேயே வருகிறதா என்று பார்ப்பதற்காவது கேட்பவர் கண்ணைத் திறந்தாக வேண்டும் என்ற அளவில், மருந்து வேலை செய்திருக்கிறது.

பராஷாவை ஒட்டிய புதிர்களுள் எளியது, கதையை மட்டும் நம்பி நிற்கும் விடுகதையாகும். உலக மக்களில் கால்வாசிப் பேர் ஒரே நாளில் மாண்டது எப்போது என்று ஷபாத் விருந்தில் தந்தை கேட்க, காயீன் ஆபேலைக் கொன்றபோது என்று பிள்ளை சொல்வது இதற்கு எடுத்துக்காட்டு; ஆதாம், ஏவாள், காயீன், ஆபேல் ஆகிய நால்வரே அப்போது உலகம் என்பது கணக்கு. ஆனால் மித்ராஷ் படித்த பிள்ளையிடம் இந்த விடுகதையைப் போடுபவர் அகப்பட்டுக்கொள்வார். காயீனோடு ஒரு சகோதரியும் ஆபேலோடு இரண்டு சகோதரிகளும் உடன்பிறந்தனர் என்று மித்ராஷ் கூறுவதால், உலக மக்கள்தொகை அன்று ஏழு. மாண்டது கால்வாசி அன்று, ஏழில் ஒரு பங்கு. கேள்வி கேட்டவர் இப்போது தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

விடுகதைக்கு அடுத்த படியில் இருப்பது ‘கெமாத்ரியா’ எனப்படும் எழுத்தெண் கணக்காகும். எபிரேய மொழியில் 22 எழுத்துகள் உள்ளன. அவற்றில் முதல் ஒன்பதும் 1 முதல் 9 வரையும், அடுத்த ஒன்பதும் 10 முதல் 90 வரையும், எஞ்சிய நான்கும் 100, 200, 300, 400 என்றும் மதிப்புப் பெறுகின்றன. ஆகவே அம்மொழியில் எந்தச் சொல்லை எழுதினாலும் எழுதியவர் அறியாமலே ஒரு கூட்டுத்தொகையும் பிறந்துவிடுகிறது. இரண்டு சொற்களின் தொகை ஒன்றானால் அவற்றுக்கிடையே உறவு கற்பிக்கும் கலையே கெமாத்ரியா. தமிழிலும் ‘அ’ என்ற வடிவம் எட்டையும் ‘வ’ என்ற வடிவம் காலையும் குறித்ததால், ஔவையாரின் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் எட்டையும் காலையும் சேர்த்தே ஒருவரை ‘அவ’லட்சணமாக்க முடிந்தது என்பதை நினைப்பவர்க்கு இக்கலை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. எபிரேயத்தில் நூலுக்கு ‘சேஃபெர்’, எண்ணுக்கு ‘மிஸ்பார்’, கதைக்கு ‘சிப்பூர்’, எழுத்தருக்கு ‘சோஃபேர்’ என்று வழங்கும் சொற்கள் யாவும் ஒரே வேரில் முளைத்தவை. பண்டை எழுத்தர்கள் தோராவின் எழுத்துகளை ஒன்றுவிடாமல் எண்ணியதால்தான் அப்பெயர் பெற்றனர் என்று, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பாகிய தல்மூத் கூறுகிறது.

எழுத்தே எண்ணாகிவிட்ட சமுதாயத்தில் அன்றாட வாழ்வும் அதற்குத் தக வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. உயிருள்ளது என்று பொருள்படும் ‘ஹய்’ என்ற சொல் 8, 10 ஆகிய இரண்டு எழுத்துகளால் ஆகி 18 என்ற தொகை தருவதால், நன்கொடையும் திருமணப் பணமும் 18இன் மடங்குகளில் கொடுக்கப்படுகின்றன. தமிழர் 101 என்று ஒரு ரூபாயைக் கூட்டி மனநிறைவு கொள்வதுபோல் அவர்கள் 180 என்று நிறுத்தி மனநிறைவு கொள்கின்றனர். 15ஐ எழுத 10, 5 ஆகிய எழுத்துகளைச் சேர்த்தால் இறைவனின் பெயரில் ஒரு பகுதி அமைந்துவிடுவதால், அதை 9, 6 என்றும், அதே அச்சத்தால் 16ஐ 9, 7 என்றும் எழுதுகின்றனர். 1983இல் பிறந்த எபிரேய ஆண்டு 5744ஐ வழக்கமான வரிசையில் எழுதினால் ‘அழிப்பாய்’ என்று வாசிக்க இடமிருந்ததால், கடைசி இரண்டு எழுத்துகள் இடம்மாற்றி எழுதப்பட்டன. கூட்டலில் வரிசை மாறினாலும் தொகை மாறாது என்ற கணித விதி ஓராண்டு முழுவதையும் அபசகுனத்திலிருந்து காப்பாற்றிய நிகழ்ச்சி இது.

பராஷாக்களின் வரிசையில் இக்கலையின் சாதனைகள் பல. நோவா என்ற பெயர் எபிரேயத்தில் இரண்டே எழுத்துகளால் ஆனது. அவற்றைத் திருப்பி வாசித்தால் ‘ஹேன்’, அதாவது தயவு என்றாகும். நோவாவுக்குத் தயவு கிடைத்தது என்று மறை கூறுவதால், அவர் அதை வெளியே தேடி அலையாமல் தம் பெயரைப் புரட்டிப் பார்த்தாலே போதுமாயிருந்தது. ‘லெக் லெகா’ என்னும் பகுதியில், சிறைப்பட்ட லோத்தை மீட்க ஆபிரகாம் 318 ஆட்களோடு புறப்படுகிறார். அவருடைய ஊழியரான எலியேசரின் பெயரிலுள்ள எழுத்துகள் 1, 30, 10, 70, 7, 200 என்று கூடி 318 ஆவதால், உடன் சென்றவர் எலியேசர் ஒருவரே என்று தல்மூத் ஒரு கருத்தைத் தருகிறது. உலக வரலாற்றில் ஆட்குறைப்பு இவ்வளவு சிக்கனமாக வேறெங்கும் நடந்ததில்லை. நான்கு அரசர்களை எதிர்த்துச் செல்லும் படையில் 317 பேரை ஒரு கூட்டல் கணக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

யாக்கோபு கனவில் கண்ட ஏணி ‘சுலாம்’ எனப்படும். மூன்று எழுத்துகளால் எழுதப்படும்போது அதன் மதிப்பு 130, சீனாய் மலையின் மதிப்பும் 130. ஆகவே ஏணி என்பது சட்டம் அருளப்பட்ட மலையே என்று மித்ராஷ் பொருள் காண்கிறது. அதே சொல்லை ‘வாவ்’ என்னும் ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதினால் 136 ஆகும். அது ‘மாமோன்’, அதாவது செல்வம் என்ற சொல்லின் மதிப்பாகும். மலையையும் பணத்தையும் பிரிப்பது ஒரே ஓர் எழுத்து என்ற இந்தச் செய்தி, கேட்போரின் நிலையறிந்து எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ வசதியளிப்பதால் சொற்பொழிவாளர்க்கு இரட்டிப்புப் பயனுடையது.

யாக்கோபைப் பற்றிய மற்றொரு கணக்கு இதனினும் புகழ் வாய்ந்தது. மாமன் லாபானிடம் தங்கியிருந்தேன் என்று அவர் சொல்லியனுப்பும் இடத்தில் வரும் ‘கர்த்தி’ என்ற சொல் 3, 200, 400, 10 என்று கூடி 613 ஆகிறது. தோராவின் கட்டளைகளும் 613 என்பது மரபு. எனவே, லாபானின் வீட்டில் இருந்தபோதும் 613 கட்டளைகளையும் வழுவாமல் காத்தேன் என்று யாக்கோபு குறிப்பாக உணர்த்தியதாக, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி எடுத்துக்காட்டினார். பெண்ணை மாற்றிக் கொடுத்து, கூலியைப் பத்து முறை மாற்றிய மாமனாரின் வீட்டில் இருபது ஆண்டுகள் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்துகொண்டு ஒரு கட்டளையைக் காப்பதே அரிது என்பதை ஒருபுறம் வைத்தாலும், இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த 613இல் ஒன்று, உடன்பிறந்த இருவரை ஒருசேர மணக்கக் கூடாது என்பது. யாக்கோபின் மனைவியரான லேயாளும் ராகேலும் உடன்பிறந்தவர்கள். கணக்கு நேர்மையாகப் பார்க்கப்பட்டால் 612இல் நின்றுவிடும். சட்டம் சீனாயில் அருளப்படுவதற்கு முன் நடந்தது, வாக்களிக்கப்பட்ட நாட்டுக்கு வெளியே நடந்தது என்றெல்லாம் உரையாசிரியர்கள் பல தலைமுறைகளாக விடை தேடி உழைத்திருக்கின்றனர். ஒரு கூட்டலைச் சரியாக்க இத்தனை பேர் பாடுபட்டதைப் பார்க்கும் எந்தத் தணிக்கையாளரும் நெகிழ்ந்துபோவார்.

ஒன்று குறைவது இக்கலையில் அடிக்கடி நேர்வதால் அதற்கு ஒரு நிலையான பரிகாரமும் உருவாகியிருக்கிறது. இரண்டு சொற்களின் தொகையில் ஒன்று மட்டும் குறைந்தால், சொல்லையே ஓர் அலகாகக் கருதி ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற இந்த விதிக்குக் ‘கோலெல்’ என்று பெயர். இத்தகைய சலுகைக்கு மறையில் ஆதாரம் உண்டா என்று கேட்போரை வாயடைக்கச் செய்ய ‘வயெஹி’ என்னும் பகுதியே முன்வருகிறது. அதில் முதிய யாக்கோபு, பேரர்களான எப்பிராயீமும் மனாசேயும் தமக்கு ரூபனையும் சிமியோனையும் போன்றவர்கள் என்று அறிவிக்கிறார். எப்பிராயீம் 331, மனாசே 395, ஆக 726. ரூபன் 259, சிமியோன் 466, ஆக 725. ஒன்று வேறுபட்டபோதிலும் மறையே அவர்களை ஒப்பானவர்கள் என்று சொல்லிவிட்டதால், ஒன்று வேறுபட்டாலும் ஒப்பு ஒப்புதான் என்று நிறுவப்பட்டுவிட்டது. ஒரு கலை தன் பிழைக்கான மன்னிப்பைத் தன் முறையைக் கொண்டே கணக்கிட்டுப் பெற்ற விந்தை இது. வங்கிக் காசாளர்கள் இதை அறியாமலிருப்பது பொதுநலனுக்கு உகந்தது.

பிழை ஒன்றுக்கு மேல் போனால் கோலெல் உதவாது. அங்கே எழுத்துக்கூட்டில் கைவைக்க வேண்டியிருக்கும். ஆடையின் நான்கு முனைகளில் கட்டப்படும் குஞ்சமாகிய ‘ட்சிட்சித்’ என்ற சொல்லின் மதிப்பு 600. அதில் 8 இழைகளும் 5 முடிச்சுகளும் உள்ளன. ஆக 613 என்பது ராஷி எடுத்துரைத்த மற்றொரு கணக்கு. 13ஆம் நூற்றாண்டு ஸ்பானிய அறிஞர் ரம்பான் இதைச் சுருளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தோராவில் அச்சொல் 10 மதிப்புள்ள ஓர் எழுத்துக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது என்று சுட்டிக்காட்டினார். 590இலிருந்து தொடங்கினால் 613ஐ எட்ட இன்னும் சில முடிச்சுகள் போட வேண்டியிருக்கும்.

எண் ஒற்றுமைகளுள் மிகவும் வியக்கப்படுவது 176 என்பதாகும். ‘நாசோ’ என்னும் பராஷா 176 வசனங்களைக் கொண்டு தோராவிலேயே மிக நீண்டதாக விளங்குகிறது. சங்கீதங்களுள் மிக நீண்டதாகிய 119ஆம் சங்கீதத்திலும் 176 வசனங்கள். தல்மூதின் மிக நீண்ட பிரிவாகிய ‘பாபா பத்ரா’வும் 176ஆம் ஏட்டில் முடிகிறது. மூன்று நீளங்களும் ஒரே எண்ணில் வந்து நிற்பதைக் கண்டு மெய்சிலிர்ப்பவர், தல்மூதின் ஏட்டு எண்கள் 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் தானியேல் போம்பெர்க் என்ற கிறிஸ்தவரின் அச்சகத்தில் நிலைபெற்றவை என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. மேலும், தலைப்பு ஏட்டை ஒன்றெனக் கொண்டு உரை இரண்டாம் ஏட்டிலிருந்தே தொடங்குவதால், உண்மையில் உள்ள ஏடுகள் 175. இங்கும் கோலெல் கைகொடுக்கிறது.

விருந்துக்கும் விழாவுக்கும் உரிய கணக்குகளும் உண்டு. ‘யாயின்’ எனப்படும் திராட்சை மதுவும் ‘சோத்’ எனப்படும் இரகசியமும் தலைக்கு 70 பெறுவதால், ஒன்று உள்ளே போக மற்றொன்று வெளியே வந்துவிடுகிறது என்று தல்மூத் காண்கிறது; உட்புகுந்ததும் வெளியேறியதும் சமமாக இருக்கும் இதுவே உலகின் முதல் இரட்டைப் பதிவுக் கணக்கெனலாம். யூதர்களை அழிக்கச் சூழ்ந்த ஆமானின் வீழ்ச்சியைக் கொண்டாடும் பூரிம் விழாவில், ஆமானைச் சபிப்பதற்கும் அவனை எதிர்த்து நின்ற மொர்தெகாயை வாழ்த்துவதற்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு ஒருவர் குடிக்க வேண்டும் என்றும் அதே நூல் கூறுகிறது. ‘ஆமான் சபிக்கப்பட்டவன்’ என்னும் எபிரேயத் தொடரின் தொகை 502. ‘மொர்தெகாய் வாழ்த்தப்பட்டவன்’ என்னும் தொடரின் தொகையும் 502. கோப்பை கோப்பையாகக் குடித்தவர் வந்து சேரும் இடத்துக்கு, ஒரு சொட்டும் தொடாத கணக்கர் கூட்டல் வழியாகவே வந்து சேர்ந்துவிடுகிறார்.

இவற்றுக்கெல்லாம் அறிவுலகில் என்ன இடம் என்ற கேள்விக்கு ‘பிதாக்களின் அதிகாரங்கள்’ என்று பொருள்படும் தலைப்புடைய பழைய நூல் ஒரு விடை வைத்திருக்கிறது: பலிப்பறவைகளைப் பற்றிய சட்டம் போன்றவை சாரம், வானியலும் கெமாத்ரியாவும் ஞானத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள். சுருங்கச் சொன்னால் சட்டம் சோறு, கணக்கு ஊறுகாய். இந்த வேறுபாட்டை நன்கறிந்த யாக்கோபு பென் ஆஷேர் என்னும் 14ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர், பிற்காலச் சட்டத் தொகுப்புகளுக்கெல்லாம் அடித்தளமிட்ட ‘நான்கு வரிசைகள்’ என்னும் பெருநூலை இயற்றியவர். அவர் தோராவுக்கு விரிவானதோர் உரையும் எழுதினார். படிப்பவர் மனத்தை ஈர்க்கும் பொருட்டு, ஒவ்வொரு பராஷாவின் தொடக்கத்திலும் சிறிது கெமாத்ரியாவையும் சொல்விளையாட்டையும் பரிமாறினார். காலம் அவரைப் பழிதீர்த்துக்கொண்டது. விரிவுரையைச் சிலரே தேடிப் படிக்க, தொட்டுக்கொள்ள வைத்ததோ தனியே அச்சாகி, அவர் பெயரால் இன்றும் வீட்டுக்கு வீடு புரட்டப்படுகிறது. சமைத்தவர் பெயர் ஊறுகாய்ச் சாடியில் மட்டும் நிலைத்துவிட்டது.

எதிர்ப்புக் குரலும் உள்ளேயிருந்தே எழுந்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் பிறந்த ஆபிரகாம் இபன் எஸ்ரா, எலியேசரின் 318ஐ உரைக்கும் இடத்திலேயே, மறை கெமாத்ரியாவில் பேசுவதில்லை என்றும், விரும்பியவர் எந்தப் பெயரையும் நல்லதாகவோ கெட்டதாகவோ கணக்கிட்டுக் காட்டிவிடலாம் என்றும் முகத்தில் அடித்தாற்போல் எழுதினார். பாம்பைக் குறிக்கும் சொல்லும் மேசியாவைக் குறிக்கும் சொல்லும் ஒன்றுபோல் 358 ஆவது அவர் கூற்றுக்கு வலுவூட்டும். இவர் எண்ணறிவில்லாதவராயின் எரிச்சலில் பேசினார் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தியரின் இடமதிப்பு முறையையும் பூச்சியத்தையும் எபிரேய வாசகர்க்கு விளக்கிய ‘எண் நூல்’ இவர் இயற்றியதே. கணக்கு நன்றாகத் தெரிந்தவர் கணக்கை நம்ப மறுத்ததும், அரைகுறையாகத் தெரிந்தவர்கள் அதில் உறுதிப்பாடு கண்டதும் எல்லாக் காலத்துக்கும் பொதுவான செய்தி.

ஊறுகாயைச் சோறென்று எண்ணியதன் விளைவு 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்டது. ஆதியாகமத்தின் எழுத்துகளைச் சம இடைவெளியில் தாண்டித் தாண்டி வாசித்தால் பிற்கால ரபிகளின் பெயர்களும் நாள்களும் அருகருகே தென்படுகின்றன என்று 1994இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் மூவர் எழுதினர். 1997இல் மைக்கேல் டிராஸ்னின் அதை அரசியல் கொலைகளை முன்னறிவிக்கும் குறியீடாக விரித்துப் புத்தகமாக்கி, மோபி டிக் என்னும் திமிங்கில வேட்டை நாவலில் பிரதமர் ஒருவரின் கொலையைக் கண்டெடுத்தால் மறுப்பவர்களை நம்புவதாக அறைகூவினார். ஆஸ்திரேலியக் கணித அறிஞர் பிரெண்டன் மெக்கே அதே முறையால் அந்த நாவலில் இந்திரா காந்தி உட்படப் பலரின் கொலைகளைக் கண்டெடுத்துக் காட்டினார். 1999இல் முதல் கட்டுரை வந்த அதே ஆய்விதழில் அதற்கு விரிவான மறுப்பும் வெளியாயிற்று. திமிங்கிலத்துக்கு இன்றுவரை தொழுகைக் கூடம் எழுப்பப்படவில்லை.

எழுத்தெண்ணும் பெருமிதத்துக்கு எல்லை கட்டியது தல்மூதே. தோராவின் எழுத்துகளில் நட்டநடுவில் இருப்பது ‘ஷெமினி’ என்னும் பகுதியில், ஊரும் உயிர்களின் வயிற்றைக் குறிக்கும் சொல்லிலுள்ள ‘வாவ்’ என்று எழுத்தர்கள் எண்ணிச் சொன்னதாக அது கூறுகிறது; சுருள்களில் அந்த எழுத்து இன்றும் பெரிதாக எழுதப்படுகிறது. நூலின் நடுவிடம் வயிற்றில் அமைந்தது பொருத்தமே. ஆனால் அந்த வாவ் முற்பாதியைச் சேர்ந்ததா, பிற்பாதியைச் சேர்ந்ததா என்று ரவ் யோசேஃப் ஐயம் எழுப்பியபோது, சுருளைக் கொண்டுவந்து எண்ணிப் பார்க்கலாமே என்ற யோசனைக்குக் கிடைத்த மறுமொழி, பண்டையோர் எழுத்துக்கூட்டில் வல்லவர்கள், பின்னோர் அவ்வாறல்லர் என்பதாகும். இன்று வழங்கும் சுருளில் உள்ள 304,805 எழுத்துகளை எண்ணிப் பார்த்தால், நடு எழுத்து அந்த வாவுக்குச் சில ஆயிரம் எழுத்துகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. எந்தக் கோலெலும் தாங்காத இடைவெளி அது.

ஆயினும் இந்தப் புதிர்களால் பயனில்லை என்று முடிவு கட்டுவது தவறாகும். ‘கர்த்தி’ 613 ஆகிறதா என்று கூட்டிப் பார்ப்பவர் அச்சொல் வரும் வசனத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். குஞ்சத்தின் எழுத்துக் குறைந்ததைப் பிடித்தவர் சுருளை உற்றுப் பார்த்திருக்க வேண்டும். ஏழில் ஒரு பங்கு என்று தந்தையைத் திருத்திய பிள்ளை மித்ராஷையும் படித்திருக்க வேண்டும். கெமாத்ரியா எதையும் மெய்ப்பிப்பதில்லை. ஆனால் 51ஆம் முறையும் ஒருவரைப் பக்கத்தைத் திறக்க வைக்கிறது, ரபி அகிவா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இக்கட்டுரையில் தரப்பட்டுள்ள தொகைகளை வாசகர் தாமே ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதே வேண்டுகோள். எங்கேனும் ஒன்று குறைந்தால், எப்பிராயீமையும் மனாசேயையும் எண்ணிப் பொறுத்தருளலாம்.